உருளைக்கிழங்கு நடவில் ஆழத்தின் பங்கு

உருளைக்கிழங்குச் சாகுபடியில் அதிகச் செலவு பிடிக்கும் இடுபொருள் விதைக்கிழங்கே ஆகும். பாருக்குப் பார் 45 செ.மீ., கிழங்குக்குக் கிழங்கு 20 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 45,000 கிழங்குகள் தேவைப்படும். ஒரு கிழங்கு 30 முதல் 40 கிராம் வரை இருக்குமானால் 1,350 முதல் 1,800 கிலோ விதை வேண்டும். 45 கிலோ மூட்டைக் கணக்கில் இது 30 முதல் 40 மூட்டை. இவ்வளவு பணத்தை மண்ணுக்குள் வைக்கும் உழவர், அதனை எத்தனை விரல் ஆழத்தில் வைக்கிறோம் என்பதைப் பெரும்பாலும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. நடவுக்கு வந்த ஆட்களின் கைப்பழக்கத்திற்கே அது விடப்படுகிறது.

நடவு ஆழத்தைச் சரியாக அமைப்பதற்குத் தனியே செலவு ஏதும் இல்லை. உரம் வாங்குவதைப் போலவோ மருந்து வாங்குவதைப் போலவோ கடைக்குப் போக வேண்டியதில்லை. ஆயினும் முளைப்பு, செடியின் வளர்ச்சி, கிழங்கின் தரம், அறுவடைக் கூலி ஆகிய நான்கையும் அது பாதிக்கிறது. ஆகவே நீலகிரி, கொடைக்கானல் மலைப்பகுதிகளிலும், ஓசூர், தாளவாடி போன்ற உயர்ந்த சமவெளிப் பகுதிகளிலும் உருளைக்கிழங்கு பயிரிடும் விவசாயப் பெருமக்கள் இதனைப் பற்றித் தெளிவாக அறிந்துகொள்வது நல்லது.

மண்ணுக்குள் செடி வளரும் விதம்

உருளைக்கிழங்கு ஒரு வேர் அன்று. அது பருத்த தண்டு. கிழங்கின் மேல் காணப்படும் கண்கள் தண்டின் கணுக்களே ஆகும். நட்ட கிழங்கின் கண்ணிலிருந்து முளை கிளம்பி மேல்நோக்கி வளர்கிறது. அம்முளையின் மண்ணுக்குள் இருக்கும் பகுதியிலும் கணுக்கள் உண்டு. அக்கணுக்களில் வேர்கள் தோன்றுகின்றன. அவற்றுடன் வெண்மையான கொடிகளும் தோன்றி மண்ணுக்குள் படுக்கையாக ஓடுகின்றன. இக்கொடிகளின் நுனி பருத்தே புதிய கிழங்காகிறது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் விளங்கும். முதலாவது, புதிய கிழங்குகள் பெரும்பாலும் நட்ட விதைக்கிழங்கின் மட்டத்திலும் அதற்கு மேலும்தான் உண்டாகின்றன. எனவே விதைக்கு மேலே போதிய மண் இல்லாவிடில் கிழங்குக்கு இடம் இல்லை. இரண்டாவது, நிலத்தடிக் கொடி மண்ணுக்கு வெளியே தலைகாட்டி வெளிச்சத்தைக் கண்டால் கிழங்காகப் பருக்காமல் இலை விட்டுக் கிளையாக வளரத் தொடங்கிவிடும்.

முளை மண்ணுக்கு மேலே வந்து பச்சை இலை விரியும் வரை அதற்கு உணவு கொடுப்பது விதைக்கிழங்கில் உள்ள மாவுச்சத்தே. முளை ஏற வேண்டிய தூரம் அதிகமானால் சேமிப்பிலிருந்து செலவாகும் உணவும் அதிகமாகும். சிறிய விதையையும் வெட்டிய விதையையும் ஆழத்தில் நட்டால் செடி மெலிந்து வருவதற்குக் காரணம் இதுவே.

ஆழத்தை அளப்பது எப்படி?

'ஒரு சாண் ஆழத்தில் நட்டேன்' என்று ஒருவர் சொன்னால் அது சாலின் ஆழமா, கிழங்கின் மேலுள்ள மண்ணின் உயரமா என்பது தெரியாது. நடவு ஆழம் என்பது விதைக்கிழங்கின் மேல்புறத்திலிருந்து அதன்மேல் மூடிய மண்ணின் மேற்பரப்பு வரை உள்ள உயரம் ஆகும். பார் கட்டி நட்டால் பாரின் உச்சியிலிருந்து அளக்க வேண்டும்.

புதிதாகக் கொத்திய பொலபொலப்பான மண் ஒரு மழைக்கோ இரண்டு பாசனத்திற்கோ பின்னர் அமர்ந்துவிடும். நட்ட அன்று 10 செ.மீ. இருந்த மண் இரண்டு வாரத்தில் குறைந்து காணப்படலாம். ஆகவே நட்ட அன்றும், முதல் நல்ல மழைக்குப் பின்னரும் அளந்து பார்க்க வேண்டும். இதற்கு ஒரு மூங்கில் குச்சியில் 5, 10, 15 செ.மீ. அளவில் கோடு கீறி வைத்துக்கொண்டால் போதும். குச்சி கையில் இல்லாதபோது நான்கு விரல்களைச் சேர்த்துவைத்த அகலம் ஏறத்தாழ 7 செ.மீ. என்று கொள்ளலாம்.

ஆழம் குறைந்தால் நேரும் தீமைகள்

விதைக்கு மேல் இரண்டு, மூன்று செ.மீ. மண் மட்டுமே இருந்தால் மேல்மண் விரைவில் காய்ந்துவிடும். முளை விட்ட கிழங்கு ஈரமின்றி வாடும். வெயிலில் மேல்மண் சூடேறுவதும் தீங்கு. கிழங்கு நன்கு பருக்க மண்ணின் வெப்பம் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது ஏற்றது. 30 டிகிரியை நெருங்கினால் கிழங்கு பருப்பது ஏறத்தாழ நின்றுபோகும். சமவெளி விவசாயிகள் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும்.

அடுத்து, பருத்து வரும் கிழங்குகள் மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே தெரியும். வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சை நிறமாகும். பச்சை நிறம் தன்னளவில் தீங்கற்றது; ஆனால் அதே வெளிச்சத்தினால் சொலானின் முதலிய கசப்பு நச்சுப் பொருள்களும் கிழங்கில் பெருகுகின்றன. வேகவைத்தாலும் இவை முற்றிலும் அழிவதில்லை. எனவே பச்சைக் கிழங்கை உண்ணக் கூடாது. மண்டியிலும் அதற்கு விலை இல்லை.

இதனால் நேரும் இழப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு 45,000 செடிகளில் நான்கு செடிக்கு ஒன்று வீதம், செடிக்கு 50 கிராம் எடையுள்ள ஒரே ஒரு கிழங்கு பச்சையானாலும் 560 கிலோவுக்கு மேல் கழிவாகும். இது 12 மூட்டைக்கு அதிகம். விதை, உரம், மருந்து, கூலி எல்லாம் செலவிட்டு விளைவித்த பின்னர், நான்கு விரல் மண் இல்லாத குறையால் இழக்கும் மூட்டைகள் இவை.

பூச்சியும் நோயும் திறந்த கிழங்கையே முதலில் நாடுகின்றன. கிழங்கு அந்துப்பூச்சி மண்ணுக்கு வெளியே தெரியும் கிழங்கின் கண்களில் முட்டையிடும். மண் வெடிப்பு வழியாகவும் இது கிழங்கை அடையும். புழுக்கள் கிழங்கைக் குடைந்து, சேமிப்பிலும் தொடர்ந்து அழிக்கும். பின்பருவ இலைக்கருகல் நோய் கண்ட வயலில், இலையில் உண்டாகும் பூசண வித்துகள் மழைநீரோடு மண்ணில் இறங்குகின்றன. மேலாக இருக்கும் கிழங்குகளையே அவை எளிதில் அடைகின்றன. விதைக்கு மேல் தடித்த மண் போர்வை இருப்பது இவ்விரண்டிற்கும் செலவில்லாத தடுப்பாகும்.

ஆழம் மிகுந்தால் நேரும் தீமைகள்

அப்படியானால் ஆழமாக நட்டுவிடலாமே என்று தோன்றும். அதிலும் தீமை உண்டு.

நன்கு முளைவிட்ட விதை, அளவான ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள மண்ணில் சரியான ஆழத்தில் நடப்பட்டால் 2 முதல் 3 வாரங்களில் வெளிவரும். குளிர்ந்த ஈர மண்ணில் 15 செ.மீ. அல்லது அதற்கு மேல் புதைந்த விதை 4 வாரங்களுக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். முளை மண்ணுக்குள் இருக்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்துக்குரிய நாளே. கிழங்கில் தார் ஒட்டியது போன்ற கருமையான பொருக்கை உண்டாக்கும் ரைசோக்டோனியா பூசணம், மண்ணுக்குள் காத்திருக்கும் இளம் முளையின் நுனியை அரித்துவிடும். நீர் தேங்கும் மண்ணில் விதைக்கிழங்கு காற்றின்றி அழுகும்.

பத்தில் ஒரு விதை வெளிவராமல் போனால் ஏக்கருக்கு 4,500 குழிகள் வெறுமையாகும். பக்கத்துச் செடிகள் சற்றுப் பெருத்து இக்குறையில் ஒரு பகுதியை ஈடுசெய்யும், முழுவதையும் ஈடுசெய்வதில்லை. மேலும் முளைப்பு முன்னும் பின்னுமாக இருந்தால் மண் அணைக்கும் வேலையும், மருந்து தெளிக்கும் காலமும் ஒழுங்காக அமையா.

அறுவடையிலும் தொல்லை உண்டு. கிழங்கு ஆழத்தில் இருந்தால் அதிக மண்ணைப் புரட்ட வேண்டும். ஆள் கூலி கூடும். முள்கொத்தும் மண்வெட்டியும் பட்டு வெட்டுண்ட கிழங்குகள் மிகும். கைக்கு அகப்படாமல் மண்ணிலேயே தங்கிவிடும் கிழங்குகள் அடுத்த போகத்தில் தானாக முளைக்கும். இத்தகைய தான்தோன்றிச் செடிகள் இலைக்கருகல் நோய்க்கு முதல் இருப்பிடமாகின்றன. நீலகிரியில் 1961ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட முட்டைக்கூட்டு நூற்புழுவுக்கும் இவை உணவாகின்றன. நூற்புழுவைக் குறைப்பதற்காக முட்டைக்கோசு, காரட், பூண்டு என்று பயிர்ச் சுழற்சி செய்யும் வயலில், ஆழத்தில் தங்கிய கிழங்கு முளைத்து நின்றால் அச்சுழற்சியின் பயன் குறைந்துவிடும்.

ஆழ நட்டால் கிழங்கு மிகுமா?

'ஆழமாக நட்டால் மண்ணுக்குள் கணு கூடும். கணு கூடினால் கொடி கூடும். கொடி கூடினால் கிழங்கு கூடும்' என்ற எண்ணம் விவசாயிகளிடையே பரவலாக உள்ளது. இதில் முதல் பகுதி உண்மையே. ஆனால் தோன்றிய கொடிகள் எல்லாம் கிழங்கு வைப்பதில்லை. வைத்த சிறு கிழங்குகள் எல்லாம் பருப்பதும் இல்லை. எத்தனை கிழங்கு தேறும் என்பதைச் செடிக்கு எத்தனை தண்டுகள் எழுந்தன, இலைகள் எத்தனை நாள் பசுமையாக நின்று உணவு தயாரித்தன, நீரும் உரமும் போதுமானதாக இருந்தனவா என்பவையே பெரிதும் முடிவு செய்கின்றன. ஆழத்தினால் பத்து நாள் பிந்தி வெளிவரும் செடி, இலைவளர்ச்சியில் அப்பத்து நாளை இழக்கிறது. 120 நாள் பயிரில் இது சிறிய இழப்பு அன்று. கார்போகத்தில் இலைக்கருகல் நோய் பரவும் முன்னர் செடி எவ்வளவு வளர்ந்துள்ளது என்பது விளைச்சலைத் தீர்மானிக்கும் நிலையில், இந்த இழப்பு இன்னும் பெரிதாகும்.

உண்மையில் முளைக்கு வேண்டியது குறைந்த மண்; கிழங்குக்கு வேண்டியது நிறைந்த மண். இவ்விரண்டும் ஒரே நாளில் வேண்டியவை அல்ல என்பதை நினைவில் கொள்ள வேண்டும். முளைக்காக அளவான ஆழத்தில் நட்டு, செடி வளர்ந்த பின்னர் கிழங்குக்காக மண் அணைத்தால் இரு தேவைகளும் நிறைவேறும். நடவு ஆழமும் மண் அணைப்பும் ஒரே வேலையின் இரு பகுதிகள்.

போகத்திற்கும் மண்ணிற்கும் ஏற்ற ஆழம்

நீலகிரியில் மூன்று போகங்களில் உருளைக்கிழங்கு பயிரிடப்படுகிறது. ஒவ்வொன்றிற்கும் ஆழத்தைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

நீர்ப்போகம் (ஜனவரி - பிப்ரவரி நடவு): மழை இல்லாத காலம். மேல்மண் விரைவில் காயும், உறைபனியும் உண்டு. விதைக்கு மேல் 7 முதல் 10 செ.மீ. மண் இருக்கட்டும். பனியில் மேல்தளிர் கருகினாலும், மண்ணுக்குள் பத்திரமாக உள்ள கணுவிலிருந்து மறுபடியும் தளிர் கிளம்ப வாய்ப்புண்டு.

கார்போகம் (மார்ச் - ஏப்ரல் நடவு): தொடக்கத்தில் கோடை மழை, பின்னர் தென்மேற்குப் பருவமழை. 5 முதல் 7 செ.மீ. ஆழம் போதும். மழை வலுக்கும் முன்னரே பாரை உயர்த்தி மண் அணைத்துவிட வேண்டும்.

கடைப்போகம் (ஆகஸ்ட் - செப்டம்பர் நடவு): நடும்போதே மண் ஈரமாகவும் குளிர்ந்தும் இருக்கும். 5 செ.மீ. அளவில் மேலாக நடுவதே நல்லது. வடிகால் இல்லாத வயலில் சாலில் நடாமல் பாரின் மேல் நட வேண்டும்.

சமவெளியை ஒட்டிய பகுதிகளில் வெப்பம் மிகுதி. மணற்பாங்கான செம்மண்ணில் 10 செ.மீ. வரை நடலாம். களிப்பான, இறுகும் மண்ணில் எப்போகத்திலும் 5 முதல் 7 செ.மீ. ஆழத்தைத் தாண்ட வேண்டாம்.

விதையின் தன்மையும் ஆழத்தைத் தீர்மானிக்கும். 40 முதல் 50 கிராம் எடையுள்ள முழு விதை ஓரளவு ஆழத்தைத் தாங்கும். 25 கிராமுக்குக் குறைந்த சிறு விதையை மேலாகவே நட வேண்டும். இருட்டறையில் வைத்த விதையில் நீண்டு வெளுத்த முளைகள் தோன்றும்; அவை நடும்போதே ஒடிந்துவிடும். மங்கிய வெளிச்சம் படும்படி பரப்பி வைத்த விதையில் 1 முதல் 2 செ.மீ. நீளமுள்ள, தடித்த, நிறமேறிய முளைகள் வரும். இத்தகைய விதையே விரைவாகவும் ஒரே சீராகவும் வெளிவரும்.

நடவின்போது கவனிக்க வேண்டியவை

மண்ணை நன்கு கொத்திக் கட்டிகளை உடைத்துவிட வேண்டும். சாலின் அடி ஒரே மட்டமாக இல்லையேல் விதையும் ஒரே மட்டத்தில் அமையாது. தொழு உரம் நன்கு மக்கியிருத்தல் வேண்டும். அடியுரமாக இடும் இரசாயன உரம் விதையின்மேல் நேராகப் படக் கூடாது. சாலில் உரமிட்டு, அதன்மேல் இரண்டு விரல் மண் தள்ளி, அதற்கு மேல் விதையை வைக்க வேண்டும். முளை மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, பொடி மண்ணால் மூட வேண்டும். நடவாட்கள் ஒவ்வொருவரிடமும் அளவுக் குச்சியைக் கொடுத்து, முதல் இரண்டு வரிசைகளை நடும்போது உடனிருந்து பாருங்கள். பின்னர் கை தானே பழகிவிடும்.

மலைச்சரிவில் பார்களைச் சரிவுக்குக் குறுக்கே அமைப்பது அவசியம். மேலிருந்து கீழாகப் பார் பிடித்த வயலில் மழைநீர் சால் வழியே ஓடி, பாரின் மண்ணை அரித்துச் செல்லும். நட்ட அன்று சரியாக இருந்த ஆழம் ஒரு பெருமழையில் பாதியாகிவிடும். வயலை விட்டுப் போன மேல்மண்ணை எந்த உரமும் திரும்பக் கொடுக்காது.

மண் அணைத்தல்

மலைப்பகுதியில் நட்ட 45ஆம் நாள் வாக்கில் கொடிகள் அறுபடாமல் மேலாகக் களை கொத்தி, 60ஆம் நாள் வாக்கில் இரண்டாம் கொத்துடன் மண் அணைப்பது வழக்கம். இருப்பினும் நாட்கணக்கை மட்டும் நம்பாமல் வயலைப் பார்த்து முடிவு செய்க. பாரின் பக்கத்தில் வெண்கொடி தெரிந்தாலோ, மண் வெடித்துக் கிழங்கு தெரிந்தாலோ அன்றே மண் அணைக்க வேண்டும். அணைத்து முடித்த பின்னர் விதைக்கிழங்கின் மேல் குறைந்தது 15 செ.மீ. மண் இருக்க வேண்டும்.

பார் கூராக இருப்பதைவிட அகன்று, உச்சி தட்டையாக இருப்பது நல்லது. கூரான பாரில் மழைநீர் மண்ணை வழித்துக்கொண்டு இறங்கும்; பக்கவாட்டில் ஓடிய கொடியின் கிழங்குகள் வெளியே தெரியும். மண் அணைத்த பின்னர் பெய்த ஒவ்வொரு கனமழைக்குப் பிறகும் வயலைச் சுற்றி வந்து, திறந்த இடங்களை மூடிவிடுங்கள்.

உங்கள் வயலிலேயே ஒரு சோதனை

மேலே கூறிய அளவுகள் பொதுவானவை. உங்கள் மண்ணுக்கு எது ஏற்றது என்பதை நீங்களே ஒரு மூலையில் சோதித்து அறியலாம்.

10 மீட்டர் நீளமுள்ள 9 வரிசைகளை ஒதுக்குங்கள். மூன்று வரிசைகளில் 5 செ.மீ., மூன்றில் 10 செ.மீ., மூன்றில் 15 செ.மீ. ஆழத்தில் நடவேண்டும். ஒரே ஆழத்தை அடுத்தடுத்து நடாமல், சீட்டுக் குலுக்கி எந்த வரிசைக்கு எந்த ஆழம் என்று தீர்மானியுங்கள். அப்போதுதான் மேட்டு மண், பள்ள மண் வேறுபாடு ஒரு பக்கமாகச் சாயாது. வரிசைக்கு 50 விதை. எல்லாம் ஒரே அளவாக இருக்கட்டும். உரம், பாசனம், மருந்து, மண் அணைப்பு அனைத்தும் எல்லா வரிசைக்கும் ஒன்றுபோலவே செய்யவேண்டும்.

நட்ட 15, 20, 25, 30ஆம் நாட்களில் வெளிவந்த செடிகளை எண்ணி ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அறுவடையில் ஒவ்வொரு ஆழத்திற்கும் நல்ல கிழங்கு, பச்சைக் கிழங்கு, வெட்டுண்ட கிழங்கு என்று மூன்று குவியலாகப் பிரித்து எடை போட வேண்டும். பிறகு அதே வரிசைகளை மறுபடி ஒருமுறை கொத்தி, விட்டுப்போன கிழங்கையும் தனியே எடை போடுங்கள்.

வரிசை இடைவெளி 45 செ.மீ. ஆனால், ஓர் ஆழத்திற்குரிய மூன்று வரிசைகளில் கிடைத்த மொத்தக் கிலோவை 300 ஆல் பெருக்கினால் ஏக்கர் விளைச்சல் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, மூன்று வரிசையிலும் சேர்ந்து 30 கிலோ நல்ல கிழங்கு கிடைத்தால் ஏக்கருக்கு 9,000 கிலோ ஆகும். மொத்த எடையைப் பார்த்து ஏமாற வேண்டாம். விற்கத்தக்க நல்ல கிழங்கின் எடையையே ஒப்பிட வேண்டும். இச்சோதனையை இரண்டு போகங்களிலாவது செய்து பார்த்தே முடிவுக்கு வரவேண்டும். ஒரு போகத்தின் மழை மறு போகத்தில் பெய்வதில்லை.

ஐயமும் விளக்கமும்

ஐயம்: பச்சையான கிழங்கை விதைக்குப் பயன்படுத்தலாமா?

விளக்கம்: நோயும் பூச்சியும் தாக்காத செடியிலிருந்து வந்ததாயின் பயன்படுத்தலாம். உண்பதற்கும் கால்நடைத் தீவனத்திற்கும் பயன்படுத்தக் கூடாது.

ஐயம்: நட்டு 4 வாரமாகியும் முளை வரவில்லை, என்ன செய்யலாம்?

விளக்கம்: நான்கைந்து இடங்களில் கையால் மண்ணை விலக்கிப் பாருங்கள். முளை நலமாக மேலேறி வருமாயின், பாரின் உச்சியில் இறுகிய மண்ணை மட்டும் மெல்லக் கிளறி உடைத்துவிடுங்கள். நுனி கருகியோ கிழங்கு அழுகியோ இருந்தால் வடிகாலை உடனே சரிசெய்து, வெறும் குழிகளில் முளைவிட்ட விதையை மேலாக நட்டு நிரப்பலாம். நான்கு வாரத்திற்கு மேல் காத்திருந்து நிரப்பிய செடி பின்தங்கியே நிற்கும்.

ஐயம்: ஆழம் குறைவாக நட்டுவிட்டது பின்னர் தெரிந்தால்?

விளக்கம்: கவலை வேண்டாம். முதல் மண் அணைப்பை முன்கூட்டியே செய்து, இரண்டாவது முறை சற்று அதிகமாக மண் ஏற்றினால் குறை நீங்கும். ஆனால் ஆழம் மிகுந்துவிட்டால் சரிசெய்வது எளிதன்று. ஆகவே ஐயம் ஏற்படும்போது சற்று மேலாகவே நடுவது பாதுகாப்பானது.

அறுவடைக்கு 10 முதல் 14 நாட்களுக்கு முன்னர் செடிகளைத் தரைமட்டத்தில் அறுத்து அகற்றிவிட்டால் கிழங்கின் தோல் தடிக்கும். அந்நாட்களிலும் கிழங்கின்மேல் மண் போர்வை விலகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். செடி இல்லாத வயலில் வெயில் நேராக விழும் என்பதால், பல வாரங்கள் காத்த கிழங்கு கடைசி வாரத்தில் பச்சையாவதும் உண்டு.

விதைக்கு நல்ல விலை கொடுக்கிறோம். உரத்திற்கும் மருந்திற்கும் கணக்குப் பார்க்கிறோம். அவற்றின் பலன் முழுவதும் கைக்கு வர, அளவுக் குச்சி ஒன்றும், தக்க நேரத்தில் மண் அணைக்கும் மண்வெட்டி ஒன்றும் துணை நிற்க வேண்டும். விவசாயப் பெருமக்கள் வரும் போகத்தில் நடவன்றே ஆழத்தை அளந்து நட்டு, பச்சைக் கிழங்கின் கழிவைக் குறைத்துக் கூடுதல் வருவாய் பெறுவார்களாக.